அயலக மருத்துவத்தை எந்தக் கோலால் அளப்பது?

இங்கிலாந்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகின்ற எந்த விருந்திலும், இரண்டாம் முறை சாம்பார் வருவதற்குள் பேச்சு மருத்துவத்தின் பக்கம் திரும்பிவிடுவது வழக்கம். "எதற்கெடுத்தாலும் பாராசிட்டமால்தான். ஊராக இருந்தால் ஓர் ஊசியில் எழுப்பி உட்கார வைத்திருப்பார்கள்" என்று ஒருவர் தொடங்குவார். "என்ன இருந்தாலும் இங்கே எல்லாம் முறைப்படி நடக்கும். நம்மூர் போல் பணம் பிடுங்க மாட்டார்கள்" என்று இன்னொருவர் மறுப்பார். இரு கட்சிக்கும் ஆள் சேரும். இரு கட்சியிலும் கதைகள் வரும். எந்த அளவுகோலைக் கொண்டு இத்தீர்ப்புகளை நாம் வழங்குகிறோம் என்ற கேள்வி மட்டும் எழுவதேயில்லை.

இது வெறும் விருந்துப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் இத்தீர்ப்புகளின்படியே நாம் நடக்கிறோம். "அவரிடம் போய் என்ன ஆகப் போகிறது" என்று எண்ணி மார்புக் கட்டியை ஆறு மாதம் மறைத்து, திசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று காத்திருப்போர் நம்மிடையே உண்டு. "இந்நாட்டு மருத்துவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மறுகேள்வி கேட்காமல், நாளுக்கு நாள் நலியும் குழந்தையோடு வீட்டிலேயே இருந்துவிடுவோரும் உண்டு. முன்னது அவநம்பிக்கை, பின்னது அதீத நம்பிக்கை. அளக்காமல் வந்தவை என்பதில் இரண்டும் ஒன்றே. ஆகவே, நாம் வாழும் நாட்டின் மருத்துவத்தின் தரத்தை ஒரு சாதாரணக் குடும்பம் எவ்வாறு மதிப்பிடலாம் என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். பிரித்தானியாவின் நான்கு பகுதிகளிலும் நிர்வாகம் தனித்தனி என்பதால், இங்கே இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில், இரு ஊர்களின் மருத்துவ வாசல்களும் வெவ்வேறு வகையில் கட்டப்பட்டவை என்பதை உணர வேண்டும். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் நெஞ்சு படபடத்தால் நேரே இதய நிபுணரிடம் செல்கிறோம்; முதுகு வலித்தால் எலும்பு மருத்துவரிடம். எந்த நிபுணரிடம் போவது என்ற முதல் நோயறிதலை நாமே செய்துவிடுகிறோம். 1948 சூலை 5-ஆம் நாள் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையில் அம்முதல் வேலை ஜி.பி. எனப்படும் பொதுமருத்துவருடையது. ஏறத்தாழப் பத்து நிமிடச் சந்திப்பு ஒன்றில், தானே ஆறக்கூடிய தொண்ணூறு தொல்லைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஆபத்தான ஒன்றை அவர் பிரித்தெடுக்க வேண்டும். அவருடைய கருவிகளுள் முக்கியமானது காலம். இன்று தெளிவற்றிருக்கும் நோய் மூன்று நாளில் தன் முகத்தைக் காட்டும், அல்லது மறைந்துவிடும்.

எனவே "ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்" என்பது தன்னளவில் குற்றச்சாட்டு ஆகாது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினார்? "காய்ச்சல் ஐந்து நாளைக் கடந்தால் வாருங்கள், மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அழுத்தினாலும் மறையாத தடிப்பு தோன்றினாலோ அப்போதே வாருங்கள்" என்று எல்லை வகுத்து அனுப்பிய மருத்துவர் ஒரு மாத்திரையும் தராவிட்டாலும் நல்ல மருத்துவம் செய்தவரே. "வைரஸ்தான், போய் வாருங்கள்" என்று மட்டும் சொன்னவர், நோயை ஒருவேளை சரியாகவே கணித்திருந்தாலும், தம் வேலையில் பாதியை விட்டுவிட்டவர். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டு சந்திப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். நாம் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறோம். ஆயினும் தரத்தில் அவை மலையும் மடுவும்.

நாம் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மருந்தின் எண்ணிக்கை. தொண்டை வலிக்கும் சளிக்கும் பெரும்பாலும் வைரசுகளே காரணம். அவற்றின்மேல் ஆன்டிபயாட்டிக்குக்கு அதிகாரமில்லை. வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரக்கூடும் என்பது ஒருபுறம். உண்மையில் தேவைப்படும் நாளில் அம்மருந்து கிருமியிடம் தோற்றுப்போகும் என்பது மறுபுறம். ஐந்து நாளில் தானே குறையும் காய்ச்சலுக்கு மூன்றாம் நாள் ஊசி போட்டால், ஐந்தாம் நாள் ஊசிதான் குணப்படுத்தியது என்று தோன்றுவது இயல்பு. அனுபவம் நமக்குக் கற்பித்ததாக நாம் நினைக்கும் பாடங்களுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, படமெடுப்பது. "முதுகு வலிக்கு ஓர் எம்.ஆர்.ஐ. கூட எழுதித் தரமாட்டேன் என்கிறார்கள்" என்பது பரவலான மனக்குறை. முதுகு வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-இல் ஒருங்கே தொகுத்தபோது, இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தென்பட்டது. வலியில்லாதவர்க்கே இவ்வளவு தெரியுமானால், வலியுள்ளவரின் படத்தில் தெரியும் தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்று எவ்வாறு துணிவது? தென்கொரியாவின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், சிறு கட்டணத்தில் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோயின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் விகிதமோ மாறவில்லை. வாழ்நாள் முழுதும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் தைராய்டை இழந்து, ஆயுள் முழுதும் மாத்திரை உண்போர் ஆயினர். ஊருக்குப் போகும்போதெல்லாம் "மாஸ்டர் செக்கப்" செய்துகொண்டு திரும்பும் அன்பர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவரின் கனிவு. கனிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நோயுற்றவனுக்குப் பாதி மருந்து அதுதான் என்று முன்னோர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் கனிவு தரத்துக்குச் சான்றாகாது. மான்செஸ்டர் அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில் ஹரால்டு ஷிப்மன் என்ற பொதுமருத்துவர் இருந்தார். முதியவர்களின் வீடு தேடிச் சென்று பார்ப்பார். ஊரார் அவரைப் பெரிதும் மதித்தனர். பதினைந்து நோயாளிகளைக் கொன்றதாக 2000-ஆம் ஆண்டு சனவரியில் அவர் தண்டிக்கப்பட்டார். 2002-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அவர் கையால் இறந்தோர் 215 பேர் என்று கணித்தது. ஷிப்மன் ஒரு விபரீத விதிவிலக்கு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், நோயாளியின் மனநிறைவு எதைக் காட்டாது என்பதற்கு அதைவிட வலிய சான்று வேண்டியதில்லை.

நான்காவது, நிறுவனத்தின் பெயர். பிரிஸ்டல் நகரத்து அரசு மருத்துவமனையின் குழந்தை இதய அறுவைப் பிரிவு அப்பகுதி முழுமைக்கும் உரிய நிபுணத்துவ மையமாக இருந்தது. 1991 முதல் 1995 வரை அங்கே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட முப்பது முதல் முப்பத்தைந்து பேர் கூடுதலாக இறந்தனர் என்று 2001-இல் இயன் கென்னடி தலைமையிலான விசாரணை கூறிற்று. பெற்றோர் எவருக்கும் அது தெரிய வழியில்லை. அங்கே பணிபுரிந்த மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் எண்களைத் தொகுத்துப் பார்த்ததாலேயே உண்மை வெளிப்பட்டது. ஒரு குடும்பத்தின் அனுபவத்தில் ஒருபோதும் தெரியவராதது, நூறு குடும்பங்களின் கணக்கில் தெரிந்தது.

சரி, எண்களை நம்பிவிடலாமா என்றால், அங்கும் ஒரு தடை. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையின் நிர்வாகம் இலக்குகளிலும் வரவுசெலவிலும் கண்ணாயிருந்த 2005 முதல் 2009 வரையிலான ஆண்டுகளில், நோயாளிகள் குடிநீருக்கும் கழிப்பறைக்குச் செல்லும் உதவிக்கும் தவித்தனர் என்பதை 2013-இல் ராபர்ட் பிரான்சிஸ் அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. உறவினர்கள் கண்ணால் கண்டு முறையிட்டதை நிர்வாகம் கண்ணாயிருந்த அவ்விலக்கு எண்கள் காட்டவில்லை. ஆக, பிரிஸ்டலில் கண் தவறியது, கணக்கு காத்தது. ஸ்டாஃபோர்டில் கணக்கு தவறியது, கண் காத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கைக்கொள்ள நினைப்பவர் பாதிக் குருடராகவே இருக்க நேரும்.

இச்சிக்கலை ஒழுங்குபடுத்திச் சிந்தித்தவர் அவெதிஸ் தொனபெதியன். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மேனியர். அமெரிக்காவில் குடியேறி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். நம்மைப் போலவே புலம்பெயர்ந்தவர். 1966-இல் அவர் எழுதிய கட்டுரை, மருத்துவத் தரத்தை மூன்று நிலைகளில் பார்க்கச் சொன்னது. முதலாவது அமைப்பு: கட்டடம், கருவி, ஆட்கள், அவர்களின் தகுதி. இரண்டாவது செயல்முறை: சரியான சோதனை, சரியான சிகிச்சை, உரிய நேரத்தில் நடந்ததா என்பது. மூன்றாவது விளைவு: நோயாளி பிழைத்தாரா, வலி தீர்ந்ததா, மீண்டும் நடந்தாரா என்பது. நாம் பெரும்பாலும் அமைப்பைப் பார்த்து மயங்குகிறோம், விளைவைக் கேட்டு வாதிடுகிறோம். நடுவிலுள்ள செயல்முறையை விட்டுவிடுகிறோம். ஒரு தனிக் குடும்பத்தால் ஓரளவேனும் நேரில் மதிப்பிடக்கூடியதோ அந்த நடுநிலைதான். விளைவு ஒன்றை மட்டும் கொண்டு மருத்துவரை எடை போடுவதும் நியாயமாகாது. பிறர் கைவிட்ட நோயாளிகளை ஏற்கும் அறுவை மருத்துவரிடம் இறப்பு கூடுதலாக இருக்கும். எளிய நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுப்பவரின் கணக்கு பளபளக்கும்.

தொனபெதியனுக்கும் முன்பே நம் வள்ளுவர், மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்திருக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். அப்பட்டியலில் நோயாளி முதலில் வருவதும், பேணுபவருக்குத் தனி இடம் இருப்பதும் நம் கவனத்துக்குரியவை. அயலகத்தில் மருத்துவத்தின் தரம் பற்றிப் பேசும்போது மருத்துவரையும் மருந்தையும் மட்டும் பேசுகிறோம். மற்ற இரு கூறுகளிலும் அங்கு வசிக்கும் நமக்குத் தனிச் சிக்கல்கள் உள்ளன.

அவற்றுள் தலையாயது மொழி. ஆங்கிலம் அறிந்தோருக்கும் இச்சிக்கல் உண்டு. ஏனெனில் உடம்பைப் பற்றிய சொற்களை நாம் தாய்மொழியில்தான் கற்றோம். "மயக்கமாக வருகிறது" என்று ஒரு முதியவள் சொன்னால், தலை சுற்றுவதாக இருக்கலாம். கண் இருண்டு விழப்போவதாக இருக்கலாம். வெறும் சோர்வாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. காதுக்கோளாறு, இதயத் துடிப்புக் கோளாறு, இரத்தச்சோகை என மருத்துவரின் எண்ணம் அச்சொற்களின் வழியேதான் பிரிந்து செல்கிறது. "சூடு பிடித்திருக்கிறது" என்று அம்மா சொல்வதை மகன் "உடம்பு சூடாக இருக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தால், மருத்துவர் காய்ச்சலைத் தேடுவார். சிறுநீர்க் கடுப்பு தப்பித்துக்கொள்ளும். "வாயுப் பிடிப்பு" என்ற சொல் இன்னும் ஆபத்தானது. நெஞ்சில் பாரமும் இடத்தோளில் வலியுமாக வந்த மாரடைப்பை அச்சொல்லுக்குள் அடைத்து, இஞ்சிக் கசாயம் குடித்துப் படுத்தவர்களின் கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நோயின் பெயரை நாம் சொல்லாமல், எங்கே, எப்போது தொடங்கிற்று, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது என்று மட்டும் சொல்வதே பாதுகாப்பானது.

இதற்கு மகனையோ பேத்தியையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது நம் வழக்கம். பதின்மூன்று வயதுப் பேத்தியிடம் பாட்டி தன் கருப்பை இறக்கத்தைச் சொல்வாளா? மருமகள் எதிரே மாமியார் தன் மனச்சோர்வைச் சொல்வாரா? தேசிய சுகாதாரச் சேவையில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம்; முன்பதிவின்போதே கேட்டால் தொலைபேசி வழியாகவேனும் ஏற்பாடு செய்வார்கள். அதைக் கேட்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. அதைத் தருகிறார்களா, தட்டிக் கழிக்கிறார்களா என்பதே ஒரு மருத்துவமனையின் தரத்துக்கு நல்ல சோதனை.

இரண்டாவது சிக்கல் நம் உடல். வெள்ளையின உடலை அடிப்படையாகக் கொண்டு வகுத்த அளவுகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. உடல் நிறைச் சுட்டெண் 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பது பொது வழக்கு. தெற்காசியர்களுக்கு அவ்வெல்லைகளை 23 என்றும் 27.5 என்றும் கொள்ளவேண்டும் என்று இங்கிலாந்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. ஒல்லியாகத் தோன்றும் தமிழருக்கும் நீரிழிவு வருவது இதனால்தான். விரலில் மாட்டி ஆக்சிசன் அளவு காட்டும் கருவி, கருந்தோல் உடையோருக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. 2024-இல் பிரித்தானிய அரசு அமைத்த குழுவும் அதை ஏற்றது. பிரித்தானியாவில் பேறுகாலத்தை ஒட்டிய தாய் இறப்பு லட்சத்துக்கு ஏறத்தாழப் பதின்மூன்று என்ற சிறிய எண்தான். ஆனால் ஆண்டுதோறும் வரும் ஆய்வறிக்கைகளில் ஆசியப் பெண்களின் இறப்பு வெள்ளையினப் பெண்களைவிட மிகுதியாகவே இருந்து வந்துள்ளது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு. கறுப்பினப் பெண்களின் நிலை அதனினும் மோசம். எனவே "இந்நாட்டில் எல்லாம் முறைப்படி நடக்கும்" என்று கைகட்டி நிற்போருக்கும் நாம் ஒன்று சொல்லவேண்டும்: முறை யாரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மருத்துவருக்குத் தெரியாமல் நாம் மறைப்பவையும் உண்டு. ஊரிலிருந்து வரும் சூரணமும் லேகியமும் "மருந்தல்ல" என்று எண்ணி அவற்றைச் சொல்வதில்லை. அவற்றுள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்ததாக மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஊர் சென்று வந்த மூன்றாம் வாரம் காய்ச்சல் கண்டால், ஊர் சென்று வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும். மலேரியாவையும் டைபாய்டையும் லண்டன் மருத்துவர் தாமாக நினைத்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்வளவும் சொன்னபின், இங்கிலாந்தின் மருத்துவத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருத வேண்டாம். அவசரப் பிரிவுக்கு வருவோரில் நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்கவேண்டும் என்ற இலக்கு, நாடு தழுவிய அளவில் 2015-க்குப் பின் எட்டப்படவேயில்லை. பரிந்துரைத்த பதினெட்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்ற இலக்கு 2016 முதல் தவறிக்கொண்டே வருகிறது. 2023-இல் காத்திருப்புப் பட்டியல் எழுபத்தேழு லட்சத்தைத் தொட்டது. பல புற்றுநோய்களில் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் விகிதம் ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளைவிட இங்கே குறைவு என்பதைப் பன்னாட்டு ஒப்பாய்வுகள் காட்டியுள்ளன. விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுன் சுகாதாரக் கட்டணமும், அதற்குமேல் சம்பளத்தில் வரியும் செலுத்தும் ஒரு புலம்பெயர்ந்தவர், "எனக்கு ஏன் இந்தக் காத்திருப்பு?" என்று கேட்பது நியாயமே. தாமதம் என்பது தரத்துக்கு வெளியே உள்ள ஒரு சிறு சங்கடமன்று, தாமதமே தரக்குறைவு. ஆனால் அதைத் தாமதம் என்றே அழைப்போம். "மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பெயர் மாற்றி அழைத்தால், மருந்தும் தவறான இடத்துக்கே போகும்.

அப்படியானால் ஊருக்குப் பறந்து போய்ச் சிகிச்சை பெறுவது? சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் உலகத் தரமான மருத்துவம் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. 1976-இல் மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் அறுவைகளின் பின்விளைவுகளைக் கணக்கெடுத்து ஆய்விதழ்களில் வெளியிட்டுவரும் நிறுவனம். பல மேலைநாட்டு மருத்துவமனைகளும் அதனிடம் கற்கின்றன. ஆனால் அங்கும் கோல் அதுவே. நான்கு நாளில் எல்லாச் சோதனையும் முடிந்தது என்ற வேகத்தை மட்டும் பாராமல், அச்சோதனைகள் தேவையா, அறுவை நடந்த இரண்டாம் வாரம் நாம் பர்மிங்காமில் இருக்கும்போது தையல் சீழ் பிடித்தால் யார் பார்ப்பார், நம் குறிப்பேடு யார் கையில் இருக்கும் என்று கேட்க வேண்டும். இரு நாட்டு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமல் செய்யும் மருத்துவத்தில், இருவருமே வல்லவராயினும், இடைவெளியில் விழுவது நோயாளிதான்.

இனி, நடைமுறைக்கு வருவோம். மருத்துவமனைகளையும் பொதுமருத்துவ நிலையங்களையும் சோதித்து நான்கு தரங்களில் மதிப்பிடும் அரசு அமைப்பு 2009 முதல் இயங்குகிறது. கேர் குவாலிட்டி கமிஷன் என்பது அதன் பெயர். அதன் அறிக்கைகளை யாரும் படிக்கலாம். 2024-இல் அவ்வமைப்பையே ஆராய்ந்த பென்னி டாஷ் அறிக்கை, பல இடங்கள் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாமல் இருந்ததைச் சுட்டிக் கடுமையாகக் குறை கூறியது. ஆகவே தரப்பெயரை மட்டும் பாராமல், சோதனை நடந்த தேதியையும் பார்க்கவேண்டும். முழங்கால், இடுப்பு மாற்று அறுவைகளுக்கென்று 2003 முதல் தரவு சேர்த்துவரும் தேசியப் பதிவேடு, மருத்துவமனை வாரியாக விளைவுகளை வெளியிடுகிறது. நிபுணரிடம் அனுப்பப்படும்போது எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலான நோய்களுக்கு நமக்குச் சட்டப்படி உண்டு. அருகிலுள்ள இடத்தில் நாற்பது வாரமும், பதினைந்து மைல் தள்ளிப் பத்து வாரமும் காத்திருப்பாக இருக்கலாம். கேட்போருக்கே அது கிடைக்கிறது.

மருத்துவரின் அறையில் ஐந்து கேள்விகள் போதும். என்னவென்று நினைக்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்க வாய்ப்புண்டு? ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்? எந்த அறிகுறி கண்டால் திரும்பி வரவேண்டும், யாரிடம்? சோதனை முடிவை யார், எப்போது சொல்வார்கள்? இவற்றுக்குப் பொறுமையாக விடை தரும் மருத்துவர், ஊசி போடாவிட்டாலும் நம்பத்தக்கவர். "முடிவு வந்தால் நாங்களே அழைப்போம்" என்பதை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. அழைக்கவில்லையென்றால் நலம் என்று பொருளல்ல, தாள் எங்கோ கிடக்கிறது என்றும் பொருளாகலாம்.

இங்கே பேணுபவரின் இடம் வருகிறது. 2021-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மார்த்தா மில்ஸ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி இரத்தத்தில் கிருமி பரவி இறந்தாள். அவள் நிலை மோசமாவதைத் தாய் கண்டு சொல்லியும் உரிய நேரத்தில் செவிசாய்க்கப்படவில்லை. பெற்றோரின் விடாமுயற்சியால் 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் "மார்த்தா விதி" நடைமுறைக்கு வந்தது. படுக்கையில் இருப்பவரின் நிலை சரியில்லை என்று உறவினருக்குப் பட்டால், பொறுப்பு மருத்துவரைத் தாண்டி, வேறொரு அவசரக் குழுவை நேரடியாக அழைத்து மறுபார்வை கோரலாம். மருத்துவரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நமக்கு இவ்விதி பிறரைவிட அதிகம் தேவை. வார்டில் நுழைந்தவுடன், "மார்த்தா விதிக்கு எந்த எண்ணை அழைப்பது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதில் பிழையில்லை.

சுற்றிப் பார்க்க வரும் பெற்றோருக்கு நிலைமை வேறு. அவசரப் பிரிவும் பொதுமருத்துவர் ஆலோசனையும் அவர்களுக்கும் இலவசம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு கட்டணம். பயணக் காப்பீடு இல்லாமல் பெற்றோரை அழைத்துவந்துவிட்டு, செலவுக்கு அஞ்சி மாரடைப்பை "வாயு" என்று பெயரிடும் நிலைக்கு எவரும் ஆளாகக் கூடாது.

கடைசியாக ஒன்று. நூறாண்டுக்கு முன் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, சிகிச்சை பலித்ததா, இல்லையேல் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தம் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே பட்டியலிட்டார். அந்நகரத்து மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். அன்றைய பாஸ்டனில் நமக்கு அறுவை தேவைப்பட்டிருந்தால், பிழையே செய்யாதவராகக் காட்டிக்கொண்டவரிடம் போவதா, 123 பிழைகளை அச்சிட்டவரிடம் போவதா?

நம் வாசகர்கள் எந்நாட்டில் இருந்தாலும், டொராண்டோவோ சிங்கப்பூரோ துபாயோ, இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்தபின் அந்த மருத்துவமனை என்ன செய்கிறது? ஒப்புக்கொண்டு, விளக்கி, திருத்துகிறதா? அல்லது ஆவணத்தை மூடி, குடும்பத்தை அலையவிடுகிறதா? இங்கிலாந்தில் முறையீடு செய்ய நிகழ்விலிருந்து பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. நம்மவர் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதில்லை. விருந்தில் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். நாம் எழுதித் தராத முறையீடு எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத துன்பம் அடுத்த தமிழ்த் தாய்க்கும் நேரும். நல்ல மருத்துவத்தைத் தேடிக் கண்டடைவது நம் பொறுப்பில் பாதி; அது நல்லதாகும்படி கேட்பதும் எழுதுவதும் மற்றப் பாதி.